நானூறு பேருக்குப் போன கனவு

எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னலோரம் போய் நின்றால் கைப்பேசி தமிழ்நாட்டுக்குப் போய்விடும். சமையலறைக்குள் வந்தால் கேரளத்துக்குத் திரும்பிவிடும். போகும்போதும் வரும்போதும் ஒரு குறுஞ்செய்தி வந்து வரவேற்கும். வேலந்தாவளத்திலிருந்து வண்டன்மேட்டுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. இட்லிக்கு மாவு எடுக்கப் போவதற்குள் இரண்டு மாநிலம் தாண்டியாகிவிட்டது என்று என் கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மழை மாதங்களில் மேகம் அந்த ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். கட்டிலுக்கடியில் கொஞ்ச நேரம் கிடக்கும், பிறகு எப்போது போனதென்று தெரியாது. வீட்டுக்குப் பின்னால் காய் உலர்த்துகிற கூடத்தில் ஏலக்காய் காயும்போது அதன் வாசனை தலையணை வரைக்கும் ஏறி, பகல் இரண்டு மணிக்கே கண்ணைச் சொருகும். இது நடந்த வருடம் ஆடி மாதம் முழுக்க நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். காயில் பெரும்பகுதி ஏலம் விடும் மையத்துக்குப் போய்விடும். பச்சை மாறாத நல்ல காயாகக் கொஞ்சம் எடுத்து ரோட்டோரம் ஒரு சின்னக் கடையில் வைத்து விற்கிறோம். குமுளிக்கும் மூணாறுக்கும் போகிற கார்கள் நிற்கும். இறங்குகிறவர்கள் காயை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, ‘அடுத்த தடவை எப்பிடி வாங்குறது?’ என்று கேட்பார்கள். அவர்களுக்காக மேசைமேல் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். பெயர், ஊர், மெயில் முகவரி எழுதிவிட்டுப் போவார்கள். ஐந்து வருடத்தில் நானூறு பேருக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்திருந்தது. யாருக்கும் நாங்கள் ஒரு வரி எழுதியதில்லை.

அவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது எனக்குத்தான். வாட்சப்பில் செய்து பார்த்தார் என் கணவர். எங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேமித்தவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் மூன்று பேர் அவருடைய மாமன் மகன்கள். என் சொந்த மெயிலிலிருந்து ஐம்பது ஐம்பது பேராக அனுப்பிப் பார்த்தேன். இரண்டாவது ஐம்பதிலேயே மெயில்காரர்கள் மேற்கொண்டு அனுப்பவிடாமல் கதவை மூடிவிட்டார்கள். இப்படி மொத்தமாக அனுப்புவதற்கென்றே தனிச் சேவைகள் இருக்கின்றன, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நோட்டைப் பார்த்து முகவரிகளைத் தட்டச்சு செய்யவே இரண்டு வாரம் ஆனது. வெளியே மழை. சில முகவரிகள் ஈரம் பட்டுக் கலைந்திருந்தன. ஒருவர் கையெழுத்தில் ஒன்று என்கிற எண்ணா, எல் என்கிற எழுத்தா என்று விளங்கவில்லை. யோசித்து எல் என்றே போட்டேன்.

பிறகு ஒவ்வொரு சேவையாக இலவசமாகத் திறந்து பார்த்தேன். சோதனைக் கடிதம் பெற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கோபாலபுரத்தில் இருக்கும் என் தங்கையைக் கேட்டேன். அவள் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். பால் ஊற்ற வருகிறவர்கள் போனபின் காலை பத்து மணிக்குமேல் அவளுக்கு ஓய்வுதான்.

முதலில் பார்த்த சேவை உலகம் முழுக்கப் பேர் போனது. திறந்தவுடன் பூக்கள், கோப்பைகள், சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம் என்று விதவிதமான அலங்காரக் கடிதங்கள். ஒரு பச்சை நிறக் கடிதத்தை எடுத்து, அதில் எங்கள் ஏலக்காய் படத்தை வைத்து, பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டுத் தங்கைக்கு அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டாள்.

“ஏனுங்க்கா, படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா எழுத்துல கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் கெடக்குதுங்க. நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வேற.”

“படிக்க முடியுதா?”

“நீங்க எழுதுனதுன்னு தெரியும், அதனால படிச்சுட்டேன். மத்தவிய படிக்கோணுமில்லீங்களா?”

அந்தச் சேவையில் இன்னொன்றும் இருந்தது. கடிதத்தை யார் எப்போது திறந்தார், எந்த ஊரில் இருந்து திறந்தார், எத்தனை தடவை திறந்தார் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். தங்கை திறந்தபோது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆரஞ்சுப் புள்ளி எரிந்தது. என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு யாருடைய வீட்டு ஜன்னலையோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டாவது சேவை நம் பக்கத்து ஆட்கள் நடத்துவது. எழுத்து உடையவில்லை. பதிவு செய்த மறுநாளே ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். குரல் அவ்வளவு இனிமை.

“உங்க பிசினஸோட கோல் என்ன மேடம்?”

“ஏலக்கா விக்கிறதுங்க.”

“அது சரி மேடம். கஸ்டமரோட எப்படிப்பட்ட பயணத்த நீங்க எதிர்பார்க்குறீங்க?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பமெட்டு ஏறி வருகிற ஜீப்புகள் மூடுபனிக்குள் மஞ்சள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பயணம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் பொறுமையாக எல்லாம் விளக்கினாள். வாங்கியவருக்கு மூன்றாம் நாள் ஒரு கடிதம், பத்தாம் நாள் ஒரு கடிதம், பிறந்தநாளுக்கு ஒன்று, எல்லாம் தானாகவே போகும், நான் தொடவே வேண்டாம். அவர்கள் பதில் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது ஒரு எண் போட்டு, புகார்கள் சேர்கிற பெட்டியில் வரிசையாகச் சேர்ந்துவிடும் என்றாள்.

மூன்றாவது சேவையில் ஒன்றுமே இல்லை. திறந்தால் ஒரு வெள்ளைத் தாள். அதில் எழுதலாம், அனுப்பலாம், வேண்டாதவர் விலகிக்கொள்ளக் கீழே ஒரு வரி இருக்கும். பதில் நேராக என் மெயிலுக்கே வரும். அவ்வளவுதான். வரைபடம் கிடையாது, பிறந்தநாள் கிடையாது. ஏழைப்பட்ட வீடு மாதிரி இருந்தது. இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று தங்கை முகவரியை முதல் வரியில் போட்டு, நானூறு பேரையும் அதில் ஏற்றினேன்.

சோதித்துப் பார்க்க ஏதாவது எழுத வேண்டும். என்ன எழுதுவது? சலுகை எதுவும் இல்லை. காய்ந்துகொண்டிருந்தது ஏலத்துக்குப் போகிற முதல் பறிப்பு; கடைக்கு எடுத்து வைக்கிற புதுக் காய் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அன்று விடியற்காலையில் ஒரு கனவு கண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, பின்னால் உலர்த்தும் கூடத்திலிருந்து சூடாக வாசனை வந்துகொண்டிருந்தது. கனவு இன்னும் முழுசாகக் கலையவில்லை. எழுத்து உடைகிறதா என்று பார்க்கத்தானே, எதுவானால் என்ன என்று அதையே அடித்தேன்.

‘வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் மூடுபனி இறங்கியிருந்தது. அங்கே அப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை. மாடுகள் முழங்கால் வரைக்கும் வெள்ளைக்குள் நின்றன. அவற்றுக்கு நடுவில் ஏலச்செடி முளைத்திருந்தது. நான் தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து விலை கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, ஏலக்காய் வாசனைதான் வந்தது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. தூரத்தில் அப்பா நின்றார். கையில் ஒரு கயிறு. கயிறு பனிக்குள் போனது. மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. அப்பா அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.’

அடித்து முடித்தபோது மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிழக்கு ஜன்னலுக்குப் போய்க் கைப்பேசியிலிருந்து இணைப்பு வாங்கினேன். பக்கம் அசையவில்லை. சோதனைக்கு அனுப்பு என்றொரு பொத்தான், அனுப்பு என்றொரு பொத்தான், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். மேகம் ஒன்று உள்ளே வந்து திரையை நனைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது, ‘உங்கள் கடிதம் எல்லாருக்கும் புறப்பட்டுவிட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எனக்குக் கொஞ்ச நேரம் அது கனவின் மிச்சம் என்றே தோன்றியது. பிறகுதான் நிஜமென்று உறைத்தது. பின்பக்கம் ஓடினேன். என் கணவர் உலர்த்தும் கூடத்து வாசலில் கையில் காயை வைத்து உருட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் போயிடுச்சுங்க.”

“என்னாது போயிருச்சு?”

சொன்னேன். அவர் காயைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “கனவா? நீ கண்ட கனவையா அனுப்புன?”

“ஆமாங்க.”

“நம்ம கடை பேராவது இருக்கா அதுல?”

“அடியில இருக்குது.”

அவர் கூடையிலிருந்து இன்னொரு காயை எடுத்து உருட்டினார். அப்புறம், “சரி விடு. போனதப் போயி கூப்ட்டா திரும்பி வரவா போவுது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வரைக்கும் நாலு பேர் விலகியிருந்தார்கள். ஒருவர் மட்டும் காரணம் எழுதியிருந்தார்: ‘தவறுதலாக வந்தது என நினைக்கிறேன்.’ எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் அனுப்பலாமா என்று பார்த்தேன். அதுவும் நானூறு பேருக்குப் போகும் என்று நினைத்தபோது கை வரவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்குத் தங்கை கூப்பிட்டாள். எழுத்து உடைந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பால் கேன்கள் உருளுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அக்கா, அந்தக் கயிறு...”

“சும்மா எழுதுனேன். கனவுதான்.”

“உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?”

“என்ன சொன்னாங்களா?”

அதற்கு இரண்டு வருடம் முந்தைய மழையில் எங்கள் அப்பா தவறிப்போனார். ஆயுசு முழுக்கச் சந்தையில் மாடு வாங்கி விற்றவர். தங்கை வீட்டில்தான் இருந்தார். எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட நேரம் அது. கீழே இறங்க முடியாமல், சுற்றுவழியில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். தங்கை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தக் கடைசி நாட்களைப் பற்றி அவள் எதுவும் பேசியதும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் அங்கே இல்லாதது இன்னும் பெரிதாகிவிடும் என்று பயம்.

“கடைசி வாரம் அவிய தூங்கவே இல்லீங்க்கா,” என்றாள். “கைய ஆட்டிக்கிட்டே கெடந்தாங்க. என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டுப் பாத்தேன். கயிறுன்னாங்க. மாட்டுக் கொட்டாயில இருந்து ஒரு முழக் கயிறு எடுத்துட்டு வந்து கையில குடுத்தேன். புடிச்சுக்கிட்டு அப்பிடியே தூங்கிட்டாங்க. அப்பறம் தெனமும் அதுதான். கயிறு இருந்தாத்தான் கண்ண மூடுவாங்க.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மறுமுனை?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“மறுமுனைய நான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனுங்க்கா. லேசா இழுத்து இழுத்து விடுவேன். மாடு அசையற மாதிரி இருக்கட்டும்னு.”

அன்று நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். இரண்டு வருடமாகப் பேசாமல் வைத்திருந்த எல்லாம் வந்தது. அப்பா கடைசியாகக் கம்பங்கூழ் கேட்டது, அதில் மோர் போதவில்லை என்று கோபித்தது, நான் வந்துவிட்டேனா என்று ஒருமுறை கேட்டது, மழை நின்றதும் வருவாள் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டியது. சொசைட்டியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “நான் இன்னொரு நாளைக்கு மிச்சத்தச் சொல்றேனுங்க்கா,” என்று வைத்தாள்.

அதன்பிறகுதான் மெயிலைத் திறந்து பார்த்தேன். பதில்கள் வந்திருந்தன. முதல் நாள் விலகியவர்களையே எண்ணிக்கொண்டிருந்ததில் நான் இதைப் பார்க்கவில்லை. பத்து இருபது இருக்கும். புதுக் காய் எப்போது வரும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஈரோட்டுப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் அப்பாவுக்கு எடைக்கல்லைத் தடவிப் பார்க்காமல் சோறு இறங்காது என்று எழுதியிருந்தார். ஒரு தாய் தன் மகளுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினாளாம். மறுமுனையில் கட்டியிருந்தது மேகம்தான் என்று அந்தக் குழந்தை சொன்னதாம்.

ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ‘நீங்கள் யார்? நான் உங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ முகவரியைப் பார்த்தேன். நான் எல் என்று போட்ட அந்த முகவரி. அது ஒன்று என்கிற எண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும். வேறொருவருடைய வீட்டுக்குள் கேட்காமல் போயிருக்கிறேன். ஜன்னல் வழியாக மேகம் வந்து திரையை நனைத்தது வரைக்கும் நடந்ததை உடனே ஒளிக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

மறுநாளே பதில் வந்தது. வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸாக இருக்கிற பெண். ‘எடுக்க வேண்டாம். டியூட்டி முடிந்து அறைக்கு வந்து இரண்டு தடவை படித்தேன். இங்கே வெளியே பார்த்தால் மணல்தான். உங்கள் ஜன்னலில் மேகம் வரும்போது எழுதுங்கள்,’ என்று எழுதியிருந்தாள். பிறகு அடியில், ‘நான் ஏலக்காய் வாங்குவேனா என்று தெரியாது, பரவாயில்லையா?’ என்று கேட்டிருந்தாள்.

இனிமையான குரல்காரப் பெண் அந்த வாரம் மறுபடி அழைத்தாள். எந்தச் சேவை என்று முடிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டாள். நானும் என் கணவரும் முந்தின நாள் சாயங்காலம் கடைத் திண்டில் உட்கார்ந்து அதைத்தான் பேசியிருந்தோம். அவர் வரைபடத்தை விட மனமில்லாமல் இருந்தார். எந்த ஊரில் நம் காய்க்கு ஆள் அதிகம் என்று தெரிந்தால் நல்லதுதானே என்றார். நியாயம்தான். மூன்றாவதில் ஒரு தடவை அழுத்தினால் நிஜமாகவா என்று கேட்காமல் போய்விடுகிறதே, அது பெரிய குறை என்று நானே சொன்னேன். அதுவும் நியாயம்தான். நான் பதில்களை ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். தங்கை சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து, கடையின் முன்பலகையைச் சாத்தி வைத்தார்.

“ஒனக்குப் பதில் வருதுல்ல?” என்றார். “அப்பறம் என்னா யோசன? அதையே வச்சுக்க.”

குரல்காரப் பெண்ணிடம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “அவங்ககிட்ட ஆட்டோமேஷன் எல்லாம் இருக்கா மேடம்?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். என்றைக்காவது வளர்ந்தால் கூப்பிடச் சொன்னாள்.

அதற்குப்பிறகு மாதம் ஒரு கடிதம் போகிறது. மலையாளத்தில் பேசுகிறவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, என் கணவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புகிறேன். அவருக்கு அந்த மொழி தாய்மொழி மாதிரி. கடையில் நோட்டில் எழுதுகிறவர்களிடம், மாதம் ஒரு கடிதம் வரும், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதச் சொல்கிறேன். ஒன்று என்கிற எண்ணா, எல் என்கிற எழுத்தா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்கிறேன். ஒன்று என்று எழுதியிருந்தவர் ஒரு திருப்பூர்க்காரர் என்று நோட்டில் பார்த்து அவர் முகவரியைத் திருத்தினோம். இப்போது அவருக்கும் போகிறது.

விலகுகிறவர்கள் விலகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பு மாதிரி வலிப்பதில்லை. புதுக் காய் வந்தவுடன் எழுதினால் ஒரே வாரத்தில் கடையில் வைத்த காய் தீர்ந்துவிடுகிற வருடமும் உண்டு. யாருமே கேட்காத மாதமும் உண்டு. தங்கை ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுப் பத்தரை மணிக்குக் கூப்பிட்டு, எங்கே பொய் சொல்லியிருக்கிறேன் என்று சொல்கிறாள்.

அந்த நர்ஸ் இன்றுவரை ஒரு கிராம் ஏலக்காய் வாங்கியதில்லை. போன மாதம் எழுதியிருந்தாள்: அவளுடைய அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்களாம். அவர்களில் ஒருத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்டால் விளங்கும். கடிதம் வந்தால் தேநீர் போட்டுவிட்டு உட்கார்ந்து, இவள் சத்தமாக வாசிப்பாளாம். நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைவு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை கொஞ்சம் நீளமாக எழுதச் சொல்லியிருந்தாள்.